தலைதீபாவளிக்கு மூன்று ரேம்

19.7.98 ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். கௌரியை ஆடிக்கு அவள் அப்பா வந்து வேப்பனப்பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டார். வீடு நிம்மதி. சாப்பாடுதான் மெஸ்ஸில். சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர்.

கல்யாணச் சீரில் வந்த கம்ப்யூட்டரை இன்று திறந்து பார்த்தோம், நானும் டேனியலும். டேனியல் எங்கள் கம்பெனியில் மெயின்டெனன்ஸ். நாகர்கோவில்காரன். இந்த விஷயத்தில் புலி. கார் ரேஸ் கேம் சி.டி., ஜாய்ஸ்டிக் இரண்டும் அவன் கொண்டுவந்தது. மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு கரப்பான்.

"இது ஏதோ ஆபீஸ்ல வேண்டாம்னு தள்ளுனது மக்கா. எட்டு எம்.பி. ரேம். சி.டி. டிரைவே இல்ல. இதுல போயி கேமா?"

சபையில் கம்ப்யூட்டர் என்றார் மாமனார். பழசு என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையை மாங்காய் மடையன் என்று நினைத்துவிட்டார். கல்யாணமாகி ஒன்றரை மாதம், இன்றுவரை எனக்குத் தெரியாமல் போனதுதான் எரிச்சல்.

புதிது வாங்க என் சம்பளத்தில் வழியில்லை. இதையே தேற்றலாம் என்கிறான் டேனியல். வேண்டியவை:
சி.டி. டிரைவ்
ரேம், பதினாறு எம்.பி., இரண்டு
வீடியோ கார்டு

அவனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. ஆடி, தலைதீபாவளி, பொங்கல். ஒவ்வொரு சீருக்கும் ஒன்று. மோதிரமும் பட்டு வேட்டியும் யாருக்கு வேண்டும்?

சாயங்காலம் பூத்திலிருந்து போன். அவர்கள் பக்கத்து வீட்டு நம்பர். கௌரி ஓடிவந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"ஆடிச் சீரா சி.டி. டிரைவ் போதும்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"அப்படின்னா என்னங்க?"

"அதெல்லாம் அவர் விசாரிச்சுப்பார். அது வந்தா நீயும் வரலாம்."

மீட்டர் ஓடுகிறதே என்று வைத்துவிட்டேன்.

18.8.98 செவ்வாய்

வெயில். வாட்டர் பம்ப் ரிப்பேர். வீட்டுக்கார ரத்னம்மாவிடம் மூன்றாவது முறை சொன்னேன். "மாடிஸ்தீனி, மாடிஸ்தீனி" என்கிறாள் கன்னடத்தில். செய்து தருகிறாளாம், செய்கிற வழியைக் காணோம்.

கௌரி வந்துவிட்டாள், டிரைவோடு. அவள் அப்பா பெங்களூருக்கு இரண்டு நடை போனாராம். பஸ்ஸில் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். பிள்ளைத்தாய்ச்சிகூட அவ்வளவு ஜாக்கிரதையாக வரமாட்டாள்.

மாட்டும்போது டார்ச் பிடித்தது கௌரி. இது என்ன, அது எதற்கு என்று ஓயாத கேள்வி. பொறுமையாகச் சொன்னேன். ரேம் எப்படி உட்கார்கிறது, ஓரத்துக் கிளிப்பை எப்படி விலக்குவது, எல்லாம். விஷயம் தெரிந்தவன் என்று ஒருத்தி பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

முடிந்ததும், "நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸுங்க. கொஞ்சம் அடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கீபோர்டில் விரல் வைத்தாள். தட்டிவிட்டேன். பெட்டியில் கீபோர்டுக்குப் பூட்டு இருக்கிறது. பூட்டி, சாவியைச் சைக்கிள் சாவியோடு கோர்த்துவிட்டேன்.

கேம் போட்டேன். கார் மாட்டு வண்டியாய் நகர்கிறது. ரேம் வேண்டும்.

19.10.98 திங்கள், தீபாவளி

வேப்பனப்பள்ளி. இரவெல்லாம் மழை. வாடகைக் கார் அனுப்பினால்தான் வருவேன் என்றிருந்தேன். அனுப்பினார்.

எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு. குறை சொல்ல முடியாது. பிறகு சொந்தபந்தம் முழுக்கக் கூடியிருக்க, தட்டோடு வந்தார் மாமனார். வெற்றிலை, பாக்கு, வேட்டி சட்டை, அதன் மேல் ரேம். இரண்டு அல்ல, மூன்று. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு.

"சீர்த்தட்டுல எரட்டப்படையா வெக்கக்கூடாதுங்க மாப்ள. அதான் மூணா வாங்கியாந்துட்டன்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இது தேங்கா இல்ல மாமா. ஜோடி ஜோடியாத்தான் போடணும். மூணாவதை என்ன பண்றது, உங்க தோப்புல காக்கா ஓட்டவா?"

கூட்டமே சிரித்தது. அவருடைய சொந்தத் தம்பியும் சிரித்தார். மாமனாரும் தட்டைப் பார்த்தபடி சிரித்தார். எனக்கு நல்ல சந்தோஷம். சபையில் ஏமாற்றியவருக்குச் சபையிலேயே பதில்.

மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடியோ கார்டாக வாங்கி வரச் சொன்னேன். பொங்கல்வரை காத்திருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்குள். "குடுக்குறன் மாப்ள" என்றார்.

கிளம்பும்போது கௌரி தனியாக இழுத்துச் சொன்னாள்: "தோப்பைப் பூ விடறதுக்கு முன்னாடியே குத்தகைக்கு உட்டுட்டாருங்க அப்பா. வர வருசம் ஒரு மாங்கா எங்களுது இல்ல."

"நல்லதாப் போச்சு. மாங்கா தின்னா சூடு" என்றேன்.

25.10.98 ஞாயிறு

மழை விடவில்லை. மத்தியானம் மாமனார் வந்தார். தெப்பமாய் நனைந்திருந்தார். கார்டு மட்டும் பிளாஸ்டிக் கவரில், சட்டைக்குள், நனையாமல். மூன்றாவது ரேமையும் திரும்பக் கொண்டுவந்திருந்தார். சந்தனம் பட்ட பொருளை எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைக்காரன் விரட்டிவிட்டானாம். கார்டுக்குப் பணம் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கௌரி அடுப்பில் இருந்தாள். டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். குளிரில் கை உதறுகிறது, வெளிச்சம் சுவரெல்லாம் போகிறது. ஸ்க்ரூ உள்ளே விழுந்து தொலைந்தது. "கையை ஆட்டாம புடிய்யா!" என்று கத்திவிட்டேன். மாமனாரை அப்படி ஒருமையில் கூப்பிட்டது இதுதான் முதல். வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கௌரி வந்தாள். அவர் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு, "நீ போப்பா" என்றாள். "சாப்ட்டுட்டுப் போறனே" என்றார். "வேணாம். போ. நான் சொல்றன்ல."

போய்விட்டார். அவள் அசையாமல் டார்ச் பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள்.

கேம் ஓடுகிறது! ரோடு, மரம், பாலம், எதிரே வரும் லாரி, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகின்றன. கத்தினேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

28.10.98 புதன்

இரண்டாம் ஷிப்ட். கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஓட்டை டப்பாவை ஒரு பைசா போடாமல் ராக்கெட் ஆக்கினேன் என்று. சூப்பர்வைசரே வருகிறேன் என்கிறார். சனிக்கிழமைக்கு அழைத்திருக்கிறேன்.

கௌரி ஞாயிறிலிருந்து பேசுவதில்லை. பேசாத பெண்டாட்டி, ஓடுகிற கம்ப்யூட்டர். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? இன்று மட்டும் வாயைத் திறந்தாள்.

"சனிக்கிழமை எத்தனை பேர் வராங்க?"

"நாலு பேர். பஜ்ஜி போடு."

"சரிங்க."

31.10.98 சனி

மழை இல்லை. சாயங்காலம் நாலு பேரோடு வந்தேன். கதவு பூட்டு. சாவி ரத்னம்மாவிடம். "கோயிலுக்குப் போறேன்னு சொன்னா" என்றாள். கையில் பெரிய பையோடு போனாளாம்.

எல்லோரையும் உட்காரவைத்தேன். சூப்பர்வைசருக்கு நாற்காலி. பெரிய பேச்சு பேசிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கூ என்று ஒரு நீளச் சத்தம். திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன். மறுபடி கூ. ஒருவன் சிரித்தான்.

டேனியல் மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "ரேம் எங்கடே?" ஒன்றுகூட இல்லை. கார்டு இல்லை. டிரைவ் இருந்த இடத்தில் ஓட்டை. "திருட்டு மாதிரி இல்லியே மக்கா. கிளிப்பெல்லாம் பதமா விலக்கி எடுத்திருக்கு. ஸ்க்ரூவக்கூட திரும்ப முடுக்கி வெச்சிருக்கு."

பீரோவைத் திறந்தேன். அவள் புடவை ஒன்றும் இல்லை. சமையலறையில் அவள் வீட்டுப் பாத்திரம் ஒன்றும் இல்லை. அடுப்பு கழுவித் துடைத்திருந்தது.

சூப்பர்வைசர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்பா" என்றார். அவரோடு மற்றவர்களும். டேனியல் மட்டும் நின்றான்.

"ஏம்ல, இதுல நீ வாங்கிப் போட்டது எது?"

அவமானத்தில் காது எரிந்தது. அவன் சி.டி.யைப் பாக்கெட்டில் போட்டு, ஜாய்ஸ்டிக் ஒயரைச் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

பயமாக இருக்கிறது. நாளைக் காலை வேப்பனப்பள்ளி போகவேண்டும். பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை. இதுவரை அவர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள்.