அக்கா சொன்னாளாம்

லார்க் ஏரி, மினசோட்டா
ஜனவரி 15, 1996

அன்புள்ள தம்பி டுவேனுக்கு,

போன ஞாயிறும் சிறை வாசல்வரை வந்து திரும்பினேன். "பாக்க இஷ்டமில்லைன்னுட்டாரும்மா" என்று காவலர் என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார். இந்தப் பனியில் வண்டி ஓட்டி வருகிறவள்மேல் கொஞ்சம் இரக்கம் வேண்டாமா?

படகுக் கொட்டகைக்குத் தீ வைத்ததை நீயே ஒப்புக்கொண்டாய் என்று ஊரே பேசுகிறது. உள்ளே தூங்கிய காவல்காரர் ஆர்வின் செத்ததும் உன்னால்தானாம். அன்று ராத்திரி முழுக்க நீ என் வீட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். பல்வலியில் நான் கண்ணே மூடவில்லை; எனக்குத் தெரியாதா? ஏனடா ஒப்புக்கொண்டாய்? ஒரு வரியாவது எழுது.

கவலையுடன்,
மார்லிஸ்

மாவட்டச் சிறை
ஜனவரி 22

அக்காவுக்கு,

நலம். ஏன் என்று நீயே கேட்கலாமா? என்னைக் காட்டிக்கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. பார்த்ததைத்தானே போலீஸிடம் சொல்லியிருப்பாய். சோபாவில் தூங்கினேன் என்று இப்போது எழுதுவது என்னைத் தேற்றத்தானே?

அன்று நிறையக் குடித்திருந்தேன். எழுந்து போனது, தீ வைத்தது எதுவும் நினைவில்லை. நினைவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? கண்ணை மூடினால் ஆர்வின் முகம் வருகிறது.

போலீஸ் என்னை விசாரித்ததைப் பதிவு செய்த ஒலிநாடாக்களை என் வக்கீலம்மா கேட்டிருக்கிறாராம். வேண்டாம் என்று சொல். அதில் நான் அழுகிறேன். நீ கேட்க வேண்டாம்.

டுவேன்

லார்க் ஏரி
ஜனவரி 26

அடேய் தம்பி,

காட்டிக்கொடுத்தேனா? நானா? போலீஸ் வந்து கேட்டபோது, "அவன் எங்கயும் போகல, நான்தான் கம்பளி போர்த்திவிட்டேன்" என்று சொன்னேன். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

போலீஸ் கொடுத்தது கடைசி நாடாவை மட்டுமாம். நீ ஒப்புக்கொள்ளும் இடம். இந்த மாநிலத்தில் ஸ்டேஷன் விசாரணையைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தாக வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. அப்படியானால் மீதி எங்கே? பதிவே செய்யவில்லை என்று கைவிரித்துவிட்டால் என்ன செய்வோம்? இருந்தால் அதில் என்ன இருக்குமோ? போன் அடித்தாலே வக்கீலம்மாவோ என்று ஓடுகிறேன்.

என்னை நம்பு, தம்பி.

உன் அக்கா

லார்க் ஏரி
பிப்ரவரி 20

என் தம்பிக்கு,

மீதி நாடாக்களை நீதிபதி வரவழைத்துவிட்டார். வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்து கேட்டேன். நீ இல்லை, இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். அப்புறம் உன்னை விசாரித்த அந்த போலீஸ் ஆள், ரொம்பப் பரிவாக:

"ஒங்க அக்காவே சொல்லிட்டாங்கப்பா. நீ எந்திரிச்சுப் போனத, பெட்ரோல் நாத்தத்தோட வந்தத, எல்லாம்."

"அக்காவா? எங்க அக்காவா சொன்னா?"

"கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாங்க."

நாற்காலி கிறீச்சிடுகிறது. பிறகு உன் குரல்: "அக்கா பொய் சொல்ல மாட்டா சார். அவ சொன்னா, நான் செஞ்சிருப்பேன்."

மேலே கேட்க முடியவில்லை. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, டுவேன். என்மேல் வைத்த நம்பிக்கையை எடுத்து உன் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள்.

உன் வாக்குமூலம் செல்லாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வேறு சாட்சியும் இல்லை, வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். காலையிலேயே வண்டியோடு நிற்பேன். பின்னறையை ஒழித்து வைத்துவிட்டேன். இனிமேல் நீ தனியாக இருக்கக் கூடாது. முடிவு செய்துவிட்டேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
மார்லிஸ்

மாவட்டச் சிறை
பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

நீதிமன்றத்தில் நாடாவைப் போட்டபோது நானும் கேட்டேன். அந்த ஆளின் குரலைவிட என் குரல்தான் பயமாக இருந்தது. எவ்வளவு சுலபமாக 'சரி' என்கிறேன்! நான் வீட்டைவிட்டு நகரவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது; எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரு கொலையை எனக்குக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வராதே, அக்கா. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். என் பழைய வாடகை அறையிலேயே இருக்கிறேன். பின்னறை வேண்டாம். ஞாயிறு சாப்பாட்டுக்கு வருகிறேன், கூப்பிட்டால்.

'மாட்டேன்' என்று சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. வேறு யாரிடம் தொடங்குவது? உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம்தான் பயமில்லாமல் சொல்ல முடிகிறது.

உன் தம்பி,
டுவேன்