பன்னிரண்டாவது குழி

மார்ச் 3, செவ்வாய்

இன்று வந்து சேர்ந்தது. இரண்டு கிலோ வேர்க்கடலை. பார்த்தால் கடையில் அள்ளிப் போடும் அதே கடலை. ஆனால் இதன் மரபணுவில் கை வைத்திருக்கிறார்கள். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்கள் இதில் உண்டாகாதாம். விதைக் கம்பெனி அப்படிச் சொல்கிறது. நிஜமா என்று பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. அரைப்பதும் ஊற்றுவதும் என் வேலை.

உறை போட்ட கையில் ஒரு பருப்பை வைத்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடமாக எங்கள் வீட்டுக்குள் கடலை நுழைந்ததில்லை. அன்று மகள் தோழியின் பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டு, தொண்டை அடைத்து, உதடு நீலமாகி — வேண்டாம், எழுதவில்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் "வயித்து வலி" என்று அவளே சமாளித்துவிடுகிறாள்.

மனைவியிடம், "இது மட்டும் தேறிடுச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அவகிட்ட ஆசை காட்டிடாதீங்க" என்றாள்.

மார்ச் 4

தட்டில் சின்னச் சின்னக் குழிகள். மேல் வரிசையில் சாதாரணக் கடலையின் சாறு, கீழ் வரிசையில் புதியது. கடலை ஆகாத பன்னிரண்டு பேரின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, ஆளுக்கொரு குழியாக இரண்டு வரிசையிலும் விட வேண்டும். ரத்தம் எதிரியைக் கண்டுகொண்டால் குழி நீலமாகும். அவ்வளவுதான் சோதனை.

பன்னிரண்டில் ஒன்று என் மகளுடையது. மருத்துவமனை, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறது. "எதுன்னு தெரிஞ்சா உங்களைத் தட்டுப் பக்கமே விடமாட்டேன்" என்று ஆய்வகத் தலைவி மேடம் முன்பே சொல்லிவிட்டார்.

மேல் வரிசை நீலம். சரி. கீழ் வரிசையும் நீலம். பன்னிரண்டும்!

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மார்ச் 5

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. நேற்றுக் காலையில் சாதாரணக் கடலையை அரைத்த அதே மிக்ஸியில் புதியதையும் அரைத்திருக்கிறேன். கழுவினேன்தான். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவினேனா? இல்லை.

மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். "இருபது வருஷ சர்வீஸ்ல இதுவா?" என்றார். பிறகு, "புது மிக்ஸி வாங்குங்க" என்றார்.

வெட்கம் ஒரு பக்கம். ஆனால் வளையத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பன்னிரண்டு பேரின் ரத்தமும் கண்டுபிடித்துவிட்டது. உடம்பை விட்டு வந்து, உறைபெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த ரத்தம்! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 9

புது மிக்ஸி. கீழ் வரிசை: ஒன்று, தெளிவு. இரண்டு, தெளிவு. மூன்று... பதினொன்று வரை தண்ணீர் மாதிரி. யாரோ எங்கோ ஒரு செடியின் கருவுக்குள் புகுந்து, இத்தனை பேரை மிரட்டியதை வாயடைக்க வைத்திருக்கிறார்களே! கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

பன்னிரண்டாவது நீலம்.

ராத்திரி வெகுநேரம் இருந்து மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அது மட்டும் நீலம். இந்த முறை என் தப்பு இல்லை.

"பன்னிரண்டுல ஒண்ணுதானே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஊர்ல இருக்கிறது பன்னிரண்டு பேரா?" என்றார் மேடம்.

யாருடையதாகவாவது இருக்கட்டும், என் பெண்ணுடையதாக இல்லாமல் இருந்தால் போதும். — சீ, என்ன புத்தி இது.

மார்ச் 10

அறிக்கையில் கையெழுத்தான பிறகே மேடம் பெயர்ப் பட்டியலைப் பிரித்தார். பார்த்தார். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள்தான்.

மார்ச் 11

மகளிடம் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப் போகிறது.

"மத்த பதினோரு பேரும் அதைச் சாப்பிட்டிருக்கலாமாப்பா?"

"அநேகமா."

"அப்ப என்னாலதான் கெட்டுப்போச்சா? என்மேல கோவமா இருப்பாங்களா?"

இப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. அடக்கிப் பார்த்தேன், அழுதுவிட்டேன்.

"உன்னை மாதிரி எத்தனையோ பிள்ளைங்க இருக்காங்கம்மா. 'இது ஒண்ணும் செய்யாது'ன்னு போட்டிருக்கிறதை நம்பி அவங்க பாக்கெட்டைப் பிரிச்சிருப்பாங்க. நீதான் கையைப் பிடிச்சு நிறுத்திட்ட."

"நான் தூங்கிட்டு இருந்தப்பவா?"

"நீ தூங்கிட்டு இருந்தப்பதான்."

முழங்கையின் உட்புறத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மெல்லிய பச்சை நரம்பு. அதற்குள் என்னதான் ஓடுகிறது!

மார்ச் 27, வெள்ளி

கம்பெனியிடமிருந்து கடிதம். யாரும் கணக்கில் எடுக்காமல் விட்ட இன்னொரு புரதம் அகப்பட்டிருக்கிறது, மகளின் சீரத்தால். அதையும் அடக்கிவிட்டு மறுபடி அனுப்புவார்களாம். இரண்டு வருடம் ஆகலாம். அதற்கு முன் அவளிடமிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் வேண்டுமாம், அவள் விரும்பினால்.

"உன் இஷ்டம். வேண்டாம்னா வேண்டாம்" என்று முடிக்கவில்லை, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். இடது கை. வலது கையில் குத்தக் கூடாதாம். திங்கட்கிழமை பள்ளியில் ஓவியப் போட்டியாம்.