கப்பல் அளவு வெங்காயம்

நடுக்கடலில் நின்றபடியே வீட்டை நடத்தும் கப்பல் சமையல்காரருக்கு,

கரையிலிருந்து உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நானும் உங்கள் தங்கச்சியும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது, எட்டிப் பார்க்கிற தூரத்திலா இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தைக் கப்பல் கம்பெனி ஆபீசில் போய் வாங்கிவந்தேன். கால்வாயை மூடிவிட்டார்கள், கப்பல்கள் எல்லாம் வெளியே வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கின்றன, எப்போது விடுவார்கள் என்று கேப்டனுக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரிசையில் நிற்பது உங்களுக்கு ஆகாத வேலை. சினிமாவுக்குக்கூட என்னை நிற்க வைத்துவிட்டு நீங்கள் போய் டீ குடிப்பீர்கள். இப்போது கடல் உங்களைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டது. கொஞ்சம் சிரித்துக்கொண்டேன், கோபப்படாதீர்கள்.

அடுத்து சாமான் விஷயம். கப்பல் வராவிட்டால் ஊரில் சாமான் கிடைக்காது, மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டை நிரப்பிவிடு, யார் சிரித்தாலும் கவலைப்படாதே என்று எழுதினீர்கள் அல்லவா? நிரப்பிவிட்டேன். எழுதினது எழுதினபடி. வெங்காயம் இரண்டு மூட்டை, உருளைக்கிழங்கு மூன்று மூட்டை, அரிசி நான்கு, பருப்பு ஒன்று, எண்ணெய் ஒரு பீப்பாய். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் கல்யாணமா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, என் வீட்டுக்காரருக்குக் கடல் காற்று தலைக்கேறிவிட்டது என்றேன். பாவம், நிஜம் என்று நினைத்து இரண்டு எலுமிச்சம்பழம் சும்மா கொடுத்தார்.

ஐயா சமையல்காரரே, வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி உங்கள் தங்கச்சி, அவள் சாப்பிடுவது குருவி கொத்துகிற மாதிரி. நீங்கள் எழுதியது கப்பலில் இருபத்துநான்கு பேருக்குப் போடுகிற அளவு. பேனாவை எடுத்ததும் கை பழக்கத்தில் அதுவே வந்துவிட்டது, இல்லையா? வெங்காயத்தைக் குளிர் அறையில் வைக்கச் சொல்லி வேறு எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் குளிர் அறைக்கு எங்கே போவேன்? மூட்டைகளைப் பார்த்ததும் பனிக்கட்டியாக உறைந்துபோன உங்கள் தங்கச்சியின் முகம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு எதிரில் மூட்டையை வைத்திருக்கிறேன்.

அவள் கட்டிலுக்கு அடியில் அரிசி, தலைமாட்டில் பருப்பு. திரும்பிப் படுக்கக்கூட இடம் இல்லை. பஸ்ஸில் நாள் முழுக்க ஏறினவர்களை உள்ளே தள்ளித் தள்ளி டிக்கெட் கொடுக்கிறவள், வீட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கு அவளைத் தள்ளுகிறது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டு படுத்துக்கொள்கிறாள்.

அளவு தப்பு என்று எனக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும் வாங்கினேன். ஏன் என்றால், நீங்கள் பயந்து எழுதி நான் பார்த்ததில்லை. புயலில் மாட்டியபோதுகூட அன்றைக்குச் சூப் கொட்டிப்போனதைத்தான் எழுதினீர்கள். வழக்கமாகப் பாதிக் கடிதம் என்ன சமைத்தேன், யார் இரண்டாம் தடவை கேட்டார்கள் என்றுதான் இருக்கும். இந்தத் தடவை சமையலைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே சாப்பாட்டுக்கு ஒன்றும் குறை இல்லையே? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

மூட்டைகளுக்கு நடுவில் வழி தேடும்
உங்கள் வீட்டுக்காரி

*

என் மதிப்புக்குரிய சமையல்காரருக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம், வெங்காயத்தைத் தவிர.

உங்கள் பதில் கிடைத்தது. நான் கேட்டதற்கு, இங்கே எல்லாம் தாராளம், எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சரி, சமையல்காரர் சொன்னால் சரிதான். ஆனால் என்ன சமைத்தீர்கள் என்று இந்தத் தடவையும் காணோம். நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. அன்று காலையில் நான் சலவைக்கடையைத் திறந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன், துணி எடுக்க ஒரு ஆள் வரவில்லை. எல்லாரும் மளிகைக்கடை வாசலில். பை கொண்டுவந்தவர்கள் பையில், கொண்டுவராதவர்கள் தலையணை உறையில். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் ஆறு கிலோ சர்க்கரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறார். எதற்கு என்று கேட்டால், எல்லாரும் வாங்கினார்கள் என்கிறார். மத்தியானம் கடையில் தராசும் கடைக்காரரும்தான் மிச்சம்.

கடைக்காரர் என்னிடம் புலம்பினார். எல்லாரும் வாராவாரம் வாங்குகிறபடி வாங்கியிருந்தால் என்னிடம் இருந்த சரக்கு அடுத்த லாரி வரும்வரை தாங்கியிருக்கும், ஒரே காலையில் என் குடோனை ஊரே பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது என்றார். பிறகு குரலை இறக்கி, முதலில் ஆரம்பித்து வைத்தது நீங்கள்தானே அம்மா என்றார். எனக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுத் தையல்காரரும் அதையேதான் நினைத்திருக்கிறார். மூன்று குழந்தைகள் அவருக்கு. கடைக்கு லேட்டாகப் போனதால் உப்பு மட்டும்தான் கிடைத்தது. என்னைப் பார்த்து, என்ன அக்கா, கடைக்காரர் உங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டாராமே என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். கதவைப் பூட்டு அண்ணி, அண்ணன் நமக்காகத்தான் வாங்கச் சொன்னார் என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். கால்வாய் எப்போது திறக்கும் என்று யார் கண்டது? இரண்டு நாள் பூட்டியும் வைத்தோம். நீங்கள் சொன்னது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டில் நாலு சாமான் இருந்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும். ஆனால் எதிர்வீட்டுக் குழந்தை பசிக்கிறது என்று அழுதால் அந்தத் தூக்கம் போய்விடுகிறதே, அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கி வைப்பது?

கடைசியில் வெங்காயம்தான் தீர்ப்பு சொன்னது. மூட்டையில் பாதி முளைவிட்டு, கீழே இருந்ததெல்லாம் கொழகொழவென்று ஆகி, வீடு முழுக்க வாடை. உங்கள் தங்கச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்று சாயங்காலமே பரணிலிருந்து உங்கள் பழைய கப்பல் அண்டாவை இறக்கினேன். பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி, வெங்காயம், கிழங்கு, பருப்பு, அரிசி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டேன். என்ன சமையல் என்று பெயர் கேட்காதீர்கள், அதற்குப் பெயர் இல்லை. தையல்காரர் வீட்டு வாசலில் நின்று, உப்பு கொண்டுவருகிறவர்களுக்குத்தான் சாப்பாடு என்று சத்தம் போட்டேன். அந்த மனுஷனுக்கு முதலில் வெட்கம், பிறகு ஒரு மூட்டை உப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தெருவையே ஊறுகாய் போடலாம், அவ்வளவு உப்பு.

அப்புறம் பார்த்தால் ஆளுக்கு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தரிடம் தீப்பெட்டி மட்டும், விறகு இல்லை. ஒருத்தரிடம் டீத்தூள் மட்டும். ஆறு கிலோ சர்க்கரைக்காரரும் வந்தார். உங்கள் தங்கச்சி வேலை முடிந்து வந்து பார்த்தாள், முகம் இன்னும் பனிக்கட்டியாக இறுகியது. ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? வாங்கினவர்கள் உள்ளே நகருங்கள், வழியில் நிற்காதீர்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் நகர்ந்தார்கள். இப்போது தினமும் ஒரு வேளை இப்படித்தான். எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்று பேர். கப்பல் அளவுக்கு ஒரு ஆள் குறைகிறது. யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

முதல் நாள் எல்லாருக்கும் போட்டு முடித்தபோது அண்டா காலி. நீ சாப்பிட்டாயா அண்ணி என்று உங்கள் தங்கச்சி கேட்டாள். ருசி பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்றேன். முறைத்தாள். அவளை மட்டும் ஏமாற்ற முடியாது, நீங்கள் நல்லவர், நம்பிவிடுவீர்கள்.

சாமான் வேகமாகக் குறைகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். கடிதத்தில் திட்டினால் பாதி படிக்கத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

அண்டாவைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்த
உங்கள் வீட்டுக்காரி

*

என் வீட்டுக்காரருக்கு,

இந்தத் தடவை கேலி இல்லாமல் ஆரம்பிக்கிறேன். முடியும்வரை தாங்குமா, தெரியாது.

உங்கள் கப்பல் மெக்கானிக் வந்திருந்தார். கையில் அடிபட்டதால், கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் படகில் இறக்கிவிட்டு, ஊருக்கு அனுப்பிவிட்டார்களாமே. கையில் கட்டோடு, நீங்கள் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாரும் சுகம், சாப்பாடு தாராளம் என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பிய வார்த்தை அப்படியே வந்தது. உட்காருங்கள் தம்பி, சாப்பிடலாம் என்றேன்.

அவர் சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார், யாரோ பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்கிற மாதிரி. கீழே விழுந்த பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தார். பேசிக்கொண்டே ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, தனக்கே தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். உங்கள் தங்கச்சி என்னைப் பார்த்தாள். தாராளம் என்றால் இதுதானா தம்பி என்று கேட்டேன். அந்த ஆள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு அழுதுவிட்டார்.

பிறகு எல்லாம் சொன்னார். படகில் தண்ணீரும் தபாலும்தான் வருகிறது, சாமான் கேட்டால் கம்பெனியிலிருந்து இன்னும் உத்தரவு வரவில்லை என்கிறார்கள், இருப்பதை நீங்கள்தான் அளந்து அளந்து போட்டு ஓட்டுகிறீர்கள் என்றார். உங்கள் தட்டு எங்கே என்று அவர்கள் கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறீர்களாமே. ருசி பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்பீர்களாம். பேன்ட்டைக் கயிற்றால் கட்டியிருக்கிறீர்களாம்.

என்னங்க, அது என் பொய். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் உங்களுக்குச் சொல்லிவருகிற பொய். நீங்கள் நம்புகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்கள் நம்பவே இல்லை, இல்லையா? தெரிந்துதான் தட்டில் எப்போதும் கொஞ்சம் மீதி வைத்து, போதும் போதும் என்று எழுந்துபோவீர்களா? நான்தான் மக்கு. என் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து அந்த மீதியைச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் மேல் கோபமாக இருப்பேன்.

வீட்டை நிரப்பு, யார் சிரித்தாலும் கவலைப்படாதே என்று எழுதினீர்களே, அப்போதே உங்கள் காலிப் பானையில் கரண்டி தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். காதுதான் கொஞ்சம் மெதுவாக வேலை செய்தது.

மறுநாள் சலவைக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன விஷயம் என்றார்கள். கப்பலுக்குச் சாமான் அனுப்ப வேண்டும் என்றேன். மேலிடத்தில் கேட்டிருக்கிறோம், போய்விட்டு வாருங்கள் என்றார்கள். போகவில்லை. மேனேஜர் அறையில் அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாய் வைத்தார், பார்த்தேன். மென்றார், பார்த்தேன். அவர் சட்டையை வாராவாரம் இஸ்திரி போடுகிறவள் நான். வயிற்றுப் பக்கத்துப் பித்தான் மட்டும் ஏன் அடிக்கடி அறுந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. டப்பாவைப் பாதியில் மூடிவிட்டார். சாப்பிடுங்கள் சார், நீங்கள் சாப்பிட்டால்தானே எனக்கும் நிம்மதி என்றேன்.

அடுத்த நாள் உங்கள் தங்கச்சியும் வந்தாள். அதற்கடுத்த நாள் தையல்காரர், அவர் குழந்தைகள், சர்க்கரைக்காரர், தெருவே வந்தது. ஆளுக்கொரு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே பார்த்தார்கள். வழியை மறைக்காமல் உள்ளே நகருங்கள் என்று உங்கள் தங்கச்சி எல்லாரையும் மேனேஜர் மேஜைவரைக்கும் நகர்த்திவிட்டாள். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. போனை எடுத்தார். மேலிடத்தோடு அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான், இன்றைக்கே என்பது. சாமான் படகு போக உத்தரவு ஆகிவிட்டது. இந்தக் கடிதமும் அதே படகில்தான் வருகிறது.

எங்கள் பங்குக்கு ஒரு தகரப் பெட்டி அனுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வறுத்த மாவு, பருப்புப் பொடி, டீத்தூள். உப்பு தையல்காரர் கொடுத்தது, வேண்டாம் என்றாலும் விடவில்லை. சர்க்கரை யார் கொடுத்தது என்று உங்களுக்கே தெரியும். முளைக்காத வெங்காயமாகப் பார்த்து உங்கள் தங்கச்சி தானே பொறுக்கி வைத்தாள். நமக்கு என்ன மிச்சம் என்று கவலைப்படாதீர்கள். ஒரு மூட்டை அரிசி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, லாரி ஒன்றிரண்டு வர ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தடவை கடை வாசலில் தலையணை உறை யாரும் கொண்டுவரவில்லை.

பெட்டி வந்ததும் முதலில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லாருக்கும் போட்ட பிறகு இல்லை, முதலில். கேப்டன் கேட்டால் என் வீட்டுக்காரி உத்தரவு என்று சொல்லுங்கள். கேப்டனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், புரிந்துகொள்வார்.

இன்னும் ஒன்று. அந்தப் பொய் இனிமேல் நம் வீட்டில் கிடையாது. நானும் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் எல்லாரோடும் உட்கார்ந்து, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். நிஜமாகத்தான். எழுத்தில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் கூடாது. கால்வாய் திறந்ததும் வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

இருபத்துநான்காவது தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி