என் கண்ணால் பார்க்கும் அண்ணனுக்கு

என் பிரியத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணே,

சௌக்கியமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே ராஜபாளையத்தில் எல்லோரும் இருக்கிறோம். என் டயர் கடை ஓடுகிறது. அதைவிட வேகமாக என் முன்மண்டை முடி ஓடிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதும் வியாதி இன்னும் தீரவில்லை. இந்தக் கடிதத்தையும் அங்கேதான் அனுப்பப் போகிறேன். உங்கள் முகவரி தபால்காரருக்குத் தெரியாதே, என்ன செய்ய?

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுச் சுவரில் மாலையோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தக் கண் என்னுடையது. செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களுக்குக் கண் கொடுப்பதுண்டு. உயிரோடிருந்துகொண்டு செத்தவருக்குக் கண் கொடுத்தவன் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தன்தான்.

மில்லுக்குப் போன நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அப்படியே போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்று பெட்டியைக் குடைந்தோம். எந்தப் போட்டோவை எடுத்தாலும் கண்ணை மூடியிருக்கிறீர்கள். வாக்காளர் அட்டையிலும் அப்படித்தான். ஆனால் அதில் பாதி ஊரே அப்படித்தான் இருக்கிறது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கு மாறுகண். ‘ஒரு கண்ணு ராஜபாளையம், ஒரு கண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொன்னதை நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன், நீங்கள் இல்லாதபோது.

உங்கள் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தபோது ஸ்டுடியோக்காரர் பட்ட பாடு இருக்கிறதே! மாப்பிள்ளை, கண்ணைத் திறங்க என்று கெஞ்சி ஓய்ந்தவர், கடைசியில் உங்கள் காதோரம் வந்து, நெகட்டிவில் பென்சிலால் சரி பண்ணிவிடலாம் என்றார். உங்கள் மாமனாரின் அம்மைத் தழும்பை அந்தப் பென்சில்தான் வழித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு உங்கள் பதில் கேட்டது.

“வேண்டாம்ணே. அதைத் தொடாதிய. நான் மூடிக்கிடுதேன்.”

ஆல்பம் முழுக்க மதினி சாமியைப் போல நிற்க, நீங்கள் சாமி கும்பிடுகிறவரைப் போலப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

உங்கள் கடைசிக் காலத்தில்தான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் வைத்து ஒரு கடை வந்தது. ஊர் அதன் பின்னால் ஓடியது. சுந்தரபாண்டியத்தில் ஒரு பெரியவர், பெண்டாட்டியோடு சேர்ந்து ஒரு படம்கூட எடுக்காமலே அந்தம்மாவைப் பறிகொடுத்தவர். இரண்டு தனிப் படங்களைக் கொடுத்து ஒன்றாக நிற்க வைத்து வாங்கினார். வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கான்சாபுரத்தில் ஒரு பெண்ணின் படத்தை அங்கே நிறம் வெளுக்க வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், காபி கொடுத்த பெண்ணிடமே, “பொண்ணு எங்கம்மா, கோயிலுக்குப் போயிருக்கா?” என்று கேட்டார்களாம். இப்போது சொல்லுங்கள், அந்த மெஷினை நல்லது என்பதா, கெட்டது என்பதா? எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கடைக்குத்தான் போனேன். உங்கள் மகள் செல்வியின் காதுகுத்தில் நாம் இரண்டு பேரும் தோளோடு தோள் நிற்கும் படம். வழக்கம்போல நீங்கள் மூடியிருக்கிறீர்கள், நான் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டிருக்கிறேன். உங்களை மட்டும் தனியே வெட்டி, பெரிதாக்கித் தரச் சொன்னேன். கடைக்காரன் கோட்டுப் போட்டுவிடட்டுமா என்றான். பின்னால் அருவி விடட்டுமா என்றான். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், அண்ணே, டி.வி. பெட்டி மாதிரி இருந்த கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

“ஏலே, கண்ணு எங்கேருந்துலே வந்துச்சு?”

“ஒங்க கண்ணுதான் சார். பக்கத்துலயே நின்னிய, அப்படியே எடுத்து வச்சிட்டேன். குடும்ப ஜாடைல்லா, ஒட்டுனதே தெரியல பாருங்க.”

வீட்டில் பந்தி போட ஆரம்பித்திருந்தார்கள். மாற்றச் சொல்ல நேரமில்லை. அதுதான் சுவரேறியது. அத்தை வந்து நின்று, அப்படியே உரிச்சு வச்சிருக்கு என்று மூக்கைச் சிந்தினார். மதினி செத்த நேரம் பார்த்துவிட்டு, மாலையைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பென்சில்காரரும் பொய் சொன்னவர்தான். ஆனால் அவர் உங்களிடம் கேட்டார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். இந்தப் பயல் கோட்டைக் கேட்டான், அருவியைக் கேட்டான், கண்ணைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரிடம் கேட்பான்?

இதெல்லாம் பழைய கதை. போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

செல்வி வளர்ந்துவிட்டாள். நீங்கள் போனபோது அவள் சின்னப் பிள்ளை, முகமெல்லாம் ஞாபகத்தில் நிற்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை எதற்கோ சண்டை போட்டு, பெரியவர்கள் பேசிக் கேட்டதை வைத்து, “ஒங்க அப்பா மாறுகண்ணு” என்று சொல்லியிருக்கிறது. இவள் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். “நல்லாப் பாருட்டி. எங்க அப்பாவுக்கு எப்படி இருக்கு?” அந்தப் பிள்ளையும் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டது. மதினி இதைச் சொன்னபோது சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். நிஜத்தைச் சொன்ன பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது. என் கண் சாட்சி சொல்லி ஜெயித்திருக்கிறது. இனி செல்விக்கு அப்பா என்றால் அதுதானா? நீங்கள் எங்கே போவீர்கள்?

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மதினியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்த கையை நிறுத்தவில்லை.

“அது ஒங்க கண்ணுன்னு எனக்குத் தெரியாதாக்கும், கொழுந்தனாரே? மாட்டுன அன்னைக்கே தெரியும். காபி தர லேட்டானா நீங்க முழிக்கிற முழில்லா அது.”

“பொறவு ஏன் மதினி ஒண்ணும் சொல்லல?”

“கண்ண மூடுன படத்தை எப்படி மாட்ட? கடைசியில நடுவீட்டுல கெடத்தியிருந்தப்ப எப்படி இருந்தாகளோ, அப்படியேல்லா இருக்கு.”

பிறகு வீரமாக ஒரு யோசனை சொன்னேன். நேராக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்குக் கோணலாக்கவும் தெரியும், எடுத்துப் போய் அண்ணன் கண்ணை அண்ணன் கண் மாதிரியே திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

மதினி நிமிர்ந்து பார்த்தார். “செய்ங்க. எந்தக் கண்ணைத் திருப்பச் சொல்லுவிய?”

“வலது.”

“இடது கொழுந்தனாரே. அவியளோட வாழ்ந்தவ நான்.”

“ஒரே பாயில படுத்து வளந்தவன் மதினி.”

உங்கள் பக்கமா, நாங்கள் பார்க்கிற பக்கமா என்று கையை நீட்டிக் காட்டிப் பிரித்துப் பார்த்தோம். அப்போதும் ஒத்துவரவில்லை. ஆல்பத்தை எடுத்தோம். பக்கத்துக்குப் பக்கம் மூடியிருக்கிறீர்கள். அத்தைக்குப் போன் போட்டேன். ரெண்டும்தான் என்றார். எங்கள் மூன்று பேரிடமும் மூன்று அண்ணன் இருக்கிறீர்கள். மதினி ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் புரட்டினார். அவரும் மறந்துவிட்டாரோ என்ற பயத்தை அந்த முகத்தில் பார்த்தேன். அவர் என் முகத்தில் அதையே பார்த்திருப்பார்.

எந்தக் கண்ணு அண்ணே?

படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்வேன், இது சத்தியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்வியை எதிரே உட்காரவைத்து, அந்தப் பிள்ளை சொன்னதுதான் உண்மை என்று சொல்வேன். எப்படி இருக்கும் சித்தப்பா என்று கேட்பாள். அதற்காகக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு கண்ணை உள்ளே தள்ளினால் மற்றதும் துணைக்குக் கிளம்பி வருகிறது, என் பெண்டாட்டி பேய் பிடித்ததோ என்று பார்க்கிறாள். எப்படியாவது வலது கண்ணில் ஒரு தடவை, இடது கண்ணில் ஒரு தடவை, அத்தை சொன்னபடி ரெண்டிலும் ஒரு தடவை செய்து காட்டிவிடுவேன். மூன்றில் ஒன்று நீங்கள். எது என்று சொல்ல முடியாது என்பதையும் அவளிடம் சொல்லிவிடுவேன். அவள் சிரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணைக் கொடுத்தும் உங்களைக் காட்டத் தெரியாத,
உங்கள் தம்பி.