நீங்கள் இறக்கையை அசைத்த ஞாயிற்றுக்கிழமை

சென்ற வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் டின் சாய்ந்து, மண்ணெண்ணெய் என் புடவை ஓரத்தில் கொட்டிவிட்டது. அவள் பதறினாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து இரண்டு முறை அலசினேன். வாசனை போகவில்லை. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தை எடுக்கிறேன், நாலு வரி படிக்கிறேன், வைத்துவிட்டு ஜன்னல் வரை நடக்கிறேன். நீங்கள் இறந்த செய்தி அதற்குப் பத்து நாள் முன்பே வந்திருந்தது. ஆனால் அது ஒரு காகிதத்தில் எழுதிய செய்தியாகத்தான் இருந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருக்கும் அந்த வாசனை வந்த பிறகுதான், நீங்கள் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

எழுதியிருந்தவர் சின்ன பைலட். உங்கள் பக்கத்து இருக்கையில் பறந்தவருக்கு எங்கள் கோட்டைக்குப்பத்தில் அதுதான் பெயர். நீங்கள் பெரிய பைலட். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், திருச்சியில் தம்பி வீட்டில், நெஞ்சுவலி என்று எழுதியிருந்தார். உங்கள் சட்டைப்பையிலிருந்த முகவரிப் புத்தகத்தைப் பார்த்து எல்லாருக்கும் அவரே கடிதம் போட்டாராம். எனக்கு எழுதியது ஊருக்குப் போய், தபால்காரர் திருப்பிவிட்டு இங்கே வந்தது. அந்தப் புத்தகத்தில் என் பெயர் இருந்ததை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மார்கழியில். உங்கள் முதலாளிக்குப் பறவை பார்க்கும் பித்து. பம்பாயிலிருந்து தன் ஆறு இருக்கை ஜெட்டில் மீனம்பாக்கம் வருவார். அங்கிருந்து காரில் பழவேற்காடு. காமிராவும் தானுமாக ஒரு படகில் பூநாரைகளைத் தேடிப் போய்விடுவார். பேச்சுச் சத்தம் ஆகாது என்று உங்கள் இருவரையும் கரையிலேயே விட்டுவிடுவார். கார் டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. என் நைனாவின் படகை அமர்த்திக்கொண்டு ஏரியைச் சுற்றினீர்கள். திரும்பும்போது பேச்சு முடியவில்லை என்பதற்காகவே நைனா உங்களை வீட்டுக்கு அழைத்து வந்து நண்டுக் குழம்போடு சோறு போட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து என்னிடம் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. "இன்னாமே, ஸ்டவ் ரிப்பேர்காரரா? இந்த நாத்தம் நாறுறாரு."

ஜெட் விமானம் ஓடுவதே ஒருவகை மண்ணெண்ணெயில்தான் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே விளக்கினீர்கள். நம்ம விளக்கில் ஊற்றுவதா என்று அம்மா கேட்டாள். அதற்கு இது அண்ணன் முறை என்றீர்கள். அதன்பின் ரேஷனில் எண்ணெய் குறையும்போதெல்லாம் உங்கள் விமானம்தான் குடித்துவிட்டது என்று அம்மா குறைசொல்லத் தொடங்கினாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருப்பாலைவனம் வழியாகப் பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த கிளை நூலகத்தில் தேனீ வளர்ப்பு வரைக்கும் படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தேன். உங்களிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. சின்ன பைலட் ஓட்டல்களின் பளபளப்பைச் சொல்வார். அங்கிருந்து கொண்டுவரும் சின்னஞ்சிறு சோப்புகளை அம்மாவிடம் கொடுப்பார். நீங்கள் அதை மறுப்பதுபோலப் பேசுவீர்கள். பஸ் டிரைவர் வேலைதான் இது, அவருக்காவது நாளைக்கு எந்த ஊர் என்று தெரியும் என்பீர்கள். காத்திருப்பதுதான் பாதி வேலை, லாட்ஜில் துவைத்த சட்டை காய்வதற்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்பீர்கள். சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னீர்கள்.

ஆனால் ஒருநாள் நைனாவிடம் வேறொன்று சொன்னீர்கள். "எங்க போகணும்ங்கிறத முதலாளி சொல்வார். போகலாமா வேண்டாமாங்கிறத நான்தான் சொல்வேன்." விமானப் படிக்கட்டின் கீழே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். மேகம் சரியில்லை, வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எதுவும் பேசாமல் காருக்குத் திரும்பிவிடுவாராம். நைனா தலையை ஆட்டினார். காற்று பார்ப்பவனுக்கு எங்கேயும் அந்த உரிமை உண்டு என்றார். உங்கள் இருவருக்கும் அது சாதாரணப் பேச்சு. நான் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் ஒரு பயணத்தைப் பற்றி வேண்டாம் என்று சொல்லி அது நின்றதில்லை. வானம் என்னை இழுக்கவில்லை, சார். அந்த ஒரு சொல்லின் அதிகாரம்தான் இழுத்தது.

அடுத்த முறை வந்தபோது சின்ன பைலட் மீனம்பாக்கத்துப் பயிற்சிக் கழகத்தின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்களும் சேரலாம், அரசாங்க உதவித்தொகைக்கும் அதிலேயே எழுதலாம், மாசிக்குள் அனுப்ப வேண்டும் என்றார். எல்லா இடத்தையும் நிரப்பினேன். கடைசியில் தகப்பனார் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. நைனாவிடம் அதை எடுத்துப் போக நல்ல நாள் ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் பாடு வரட்டும் என்று காத்திருந்தேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் மொய்க்கும் இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. சில படகுகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள், அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு நன்றாக அமைந்த அன்று நைனாவிடம் எதையும் கேட்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் நான் உங்களிடம் அதைக் கேட்டேன். ஞாயிறு காலை கிழக்குக் கரையோரமாகக் கல்கத்தாவுக்குப் போகிறோம் என்று நைனாவிடம் சொன்னீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும், எங்கள் ஊருக்கு மேலே வரும்போது ஓர் அடையாளம் காட்ட முடியுமா என்றேன். ரொம்பத் தாழ்வாக வரக்கூடாது, வடக்கே ராக்கெட் தளம், அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சின்ன பைலட் தடுத்தார். நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இறக்கையை இரண்டு தரம் அசைக்கிறேன், பைலட்டுகள் வணக்கம் சொல்வது அப்படித்தான் என்றீர்கள்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் என்று அதுவரை எதுவுமே இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடும் வந்தது. பன்னிரண்டு படகுகள் விடிந்ததும் போய் வலை இறக்கியிருந்தன. நான் கரையில் நின்றேன். தெற்கிலிருந்து வந்தீர்கள், நான் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக. ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. இரண்டு தரம். பிறகு நீங்கள் வடக்கே போகக்கூடாது என்பதற்காகக் கடல் பக்கம் சாய்ந்து திரும்பினீர்கள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மறைந்தீர்கள்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது படகு. ஒரு படகு இப்படியும் அப்படியும் ஆடினால் அது கவிழப்போகிறது என்று அர்த்தம். ஆடிக்கொண்டே சரிந்து கண்ணுக்கு மறைந்தால் முழுகிவிட்டது என்று அர்த்தம். நைனா எழுந்து நின்று கத்தியது கரை வரை கேட்டது. "நம்ம பைலட்டுதான்பா. உள்ள போயிட்டாரு."

வலைகளை அப்படியே விட்டுவிட்டுப் பன்னிரண்டு படகுகளும் முகத்துவாரத்தை நோக்கித் திரும்பின. ஏரியில் கழி ஊன்றிப் போகும் படகுகள் அவை. வாடைக்காற்றில் அந்த அலையைத் தாண்டுவதற்காகச் செய்தவை அல்ல. பெண்கள் கரைக்கு ஓடி வந்தார்கள். நான் மட்டும் உண்மை தெரிந்தவளாக அவர்கள் நடுவில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். கூவினால் கேட்கும் தூரத்தில்தான் கடைசி இரண்டு படகுகள் இருந்தன. ஆனால் என்னவென்று சொல்வது? அது விழவில்லை, எனக்கு வணக்கம் சொன்னது என்றா? வெளியூர் ஆண் ஒருவர் ஆகாயத்திலிருந்து எனக்காக ஆட்டிவிட்டுப் போனார் என்று சொன்னபின் அந்த ஊரில் நான் எப்படி நடப்பேன், நைனா அந்தக் கோட்டில் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்றெல்லாம் எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் படகுகள் போய்விட்டன.

உச்சி சாய்ந்த பிறகு திரும்பி வந்தார்கள். அலை ஒரு படகைப் புரட்டியதில் அம்மாவின் தம்பி, என் மாமாவுக்குக் கை முறிந்திருந்தது. நீரோட்டம் மாறி வலைகள் சுருண்டு கிழிந்து கிடந்தன. நைனா ஈர வேட்டியோடு, விமானம் விழுந்துவிட்டது என்று போலீசில் சொல்லப் பழவேற்காட்டுக்குக் கிளம்பினார். அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் வந்தது. போலீஸ் என்றால் விசாரணை. தாழப் பறந்தது தெரிந்தால் உங்கள் வேலை போய்விடும். வீட்டுக்குப் பின்னால் அவரை நிறுத்திச் சொன்னேன்.

நைனா என் முகத்தையே பார்த்தார். "உனுக்காவ ஆட்டினாரா?"

"ஆமா நைனா. நான்தான் கேட்டேன்."

"வேற யாருக்குனா தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வாணாம்," என்றார்.

அன்று மாலை ஊர் கூடியது. நைனா எழுந்து, போன தடவை பைலட் வந்தபோது தான்தான் அப்படி ஆட்டிக் காட்டச் சொன்னதாகவும், சொன்னதை மறந்துவிட்டதாகவும் கூறினார். கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார், "நீயே ஆட்டச் சொல்லிட்டு நீயே மொதப் படவ வுட்டியா? நல்லாகீதுபா கத." எல்லாரும் சிரித்தார்கள். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாமாவும் சிரித்தார். அந்தக் கதையை ஒருவரும் நம்பவில்லை என்பதும், இரண்டு மூன்று பேர் பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடியதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அதையே உண்மை என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பருவம் முழுக்கப் பாட்டில் எங்கள் வீட்டுப் பங்கு மாமா வீட்டுக்கு என்று முடிவானது. நைனா சரி என்றார். ஏரியில் மற்றவர்கள் வலை போடும் நாட்களில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர்களுடைய கிழிசல்களைத் தைத்தார். அந்தக் கைகளுக்கு முன்னால் விண்ணப்பத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. மாசி வந்தது.

மாசியில் நீங்களும் வந்தீர்கள். படகில் ஏறும் முன்பே கேட்டீர்கள், "அசைச்சேனே, பாத்தியா? ரெண்டு தடவை." உங்கள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. நைனா கழியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தேன் சார், நன்றாக இருந்தது என்றேன். மாமாவின் கைக்கு என்ன ஆனது என்று விசாரித்தீர்கள். வழுக்கி விழுந்தான் என்றார் நைனா. விண்ணப்பம் அனுப்பினாயா என்று கேட்டீர்கள்.

"எனக்கு அதுல இஷ்டமில்ல சார். யோசிச்சுப் பாத்தேன்."

"அதுவும் சரிதான். இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல," என்றீர்கள். எத்தனையோ முறை அந்த வேலையை நீங்கள் கேலி செய்து கேட்டிருக்கிறேன். அன்று சொன்னது கேலி அல்ல. என் வார்த்தையை நம்பி அப்படிச் சொன்னீர்கள். உங்களை அப்படியே போகவிட்டேன். அடுத்த குளிர்காலத்தில் முதலாளி வரவில்லை. அவர் பறவைகளை விட்டு வேறெதிலோ இறங்கிவிட்டாராம். நீங்கள் இரண்டு கார்டு எழுதினீர்கள். ஒன்றுக்குப் பதில் போட்டேன்.

இப்போது எனக்குச் சென்னையில் டெலிபோன் இலாகாவில் வேலை. பல்லாவரத்தில் அறை. நாலு வருடத்தில் இது மூன்றாவது அறை. ஒவ்வொரு முறையும் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறேன். தண்ணீர் வசதி, பஸ் வசதி என்று தோழிகளிடம் காரணம் சொல்வேன். சாப்பிடும்போது சின்ன ஜெட்டின் சத்தம் கேட்டால் கையை உதறிவிட்டு மாடிக்கு ஓடுகிறேன். இஷ்டமில்லாதவள் செய்கிற காரியமா இது?

நேற்று நைனா கருவாட்டுப் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். துண்டை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமாகச் சொல்லாத அந்த விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன்.

"கேட்டிருந்தா போட்டிருப்பனோ மாட்டனோ, தெரில கண்ணு. ஆனா நீ கேட்டிருக்கணும்," என்றார். பிறகு, "அன்னிக்கு நாங்க தேடிகினு போனது அவருக்குத் தெரியுமா?" என்றார்.

"இல்ல நைனா. கேட்டா வருத்தப்படுவாருனு நான் சொல்லவேயில்ல."

"இன்னாத்துக்கு வருத்தம்? லாட்ஜு லாட்ஜா கெடந்த மனுசன். நமக்காவ பன்னண்டு படவு வந்துச்சுனு தெரிஞ்சிகினு போயிருப்பாரு."

அதன்பின் அவர் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் நடந்துகொண்டே இருக்கிறேன். வெட்கப்பட வேண்டியது என்று நினைத்து எதை மூடி வைத்தேனோ, அது உங்களுக்குச் சேர வேண்டியதாக இருந்திருக்கிறது. உங்களைக் கேட்காமல் உங்கள் வருத்தத்தையும், நைனாவைக் கேட்காமல் அவர் பதிலையும் நானே முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் விண்ணப்பம் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். வயது வரம்புக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தகப்பனார் கையெழுத்து இப்போது தேவையில்லை. ஆனாலும் அடுத்த வாரம் ஊருக்குப் போய்க் கேட்கப் போகிறேன், அவர் வேண்டாம் என்றாலும் அனுப்பத்தான் போகிறேன்.

நீங்கள் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மறைந்த பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்குப் பொருளில்லை. நைனா பஸ் ஏறும்போது சொன்னது இது. அன்று கடலில் அவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகி, வரிசையாகப் பரவித் தேடினார்களாம். எண்ணெய் மிதக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார்களாம். உங்கள் பெயர் என்னவென்று பன்னிரண்டு படகிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் பெரிய பைலட்டு, பெரிய பைலட்டு என்று அலைக்கு மேலே கூப்பிட்டுக்கொண்டே, உச்சிப்பொழுது வரைக்கும் போனார்களாம்.