இடாப்பில் இல்லாத பெயர்

1960 பங்குனி 4, வெள்ளி

கொடி தைக்கக் கொடுத்திருந்த இரண்டு கட்சிக்காரரும் இன்று என் கடையில் ஒன்றாகச் சந்தித்துவிட்டார்கள்.

"கள்ளத்தோணியில வந்த ஒருத்தனையும் விடாமப் பிடிச்சு அனுப்போணும்" என்றார் கந்தையர்.

"வருஷக்கணக்கா இஞ்ச உழைக்கிறவனை எங்கயப்பா அனுப்புறது? பிரசாவுரிமை குடுக்கோணும்" என்று சிவலிங்கத்தார் கத்தினார். நான் தலை நிமிராமல் மெஷினை மிதித்தேன்.

போகும்போது சிவலிங்கத்தார், "தையல்காரர், உங்கட வோட்டு எங்களுக்குத்தானே?" என்று கேட்டார். எங்களுக்காகப் பேசிய மனிதர். "ஓம் ஐயா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எனக்கு ஏது வோட்டு? எட்டு வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்து சாம்பல்தீவுக் கரையில் இறங்கியவன் நான்.

"அப்ப நாளைக்கு வாக்காளர் இடாப்பைக் கொண்டு வாறன். அதில உங்கட பேரைத் தேடி நம்பரை எழுதித் தாறன்."

வாசலில் நின்ற கந்தையர் திரும்பி என்னைப் பார்த்தார். "நானும் வாறன்" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போகவும் ஏலாது. இரண்டு பேருக்கும் நாளைக் காலையில்தான் கொடி தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.