நீங்கள் ‘நன்றி’ சொல்லாமல் நின்ற மாலை

அண்ணை,

கைப்பைக்குள் கையை விட்டதும் உங்கள் மணம் வந்தது. யூக்கலிப்டஸ் தைலமும் வாழைப்பால் கயரும் கலந்த மணம். மைக்குக்குப் போடும் அந்தக் கறுப்புப் பஞ்சு உறைதான். அடுத்தவன் எச்சில் பட்ட மைக்கில் வாய் வைக்கமாட்டேன் என்று நீங்கள் ஊர் ஊராகக் கொண்டு திரிந்த உறை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று உங்கள் மனைவி அதை என் கையில் வைத்தார். “உதை வைச்சு நான் என்ன செய்யிறது? நீயே கொண்டு போ பிள்ளை” என்றார். எனக்குக் கழுவ மனம் வரவில்லை.

இன்று பின்னேரம் அதை மைக்கில் போட்டுக்கொண்டு அறிவிப்பாளராக மேடை ஏற வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை. காலையில் போட்ட புட்டு சாப்பாட்டுக் கோப்பையில் அப்படியே கிடக்கிறது.

எங்கே நிகழ்ச்சி என்று கேட்பீர்கள். வட்டுக்கோட்டையில்தான், அதே வயலில்தான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் சேர்ந்து ஓவியக் கண்காட்சியும் பாட்டுமாக ஒரு மாலை வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. வேறு ஆளைப் பாருங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். “நீங்கள் வராட்டி ஆரும் பெடியன் ஏறி நிண்டு கத்துவான் அம்மா. பிறகு எங்களைக் குறை சொல்லாதேங்கோ” என்று என் வாயை அடைத்துவிட்டாள். யாரைப்போல இப்படிக் கதைக்கிறாளோ தெரியாது.

மண்டபத்துக்குள் என்றால் எனக்கு ஒரு பயமும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். நல்லூரில் எத்தனை மண்டபம் ஏறியிருப்போம்! நீங்கள் ஒரு வரி, நான் ஒரு வரி. நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலை வெட்டிவிட்டு, கயர் பட்ட கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நேரே வருவீர்கள். பிரதம விருந்தினர் வரப் பிந்தினால், அவர் வரும் மட்டும் வாயாலேயே சபையைக் கட்டி வைத்திருப்பீர்கள். நான் ஒரு சொல்லை மறந்து நின்றால், அதை எழுதி வைத்ததே உங்களுக்குத்தான் என்பதுபோல எடுத்துச் சொல்லிவிடுவீர்கள். பிறகு மேடைக்குப் பின்னால் வந்து, “தமிழை ஏன் பிள்ளை விழுங்குறீர்? மத்தியானம் ஒண்டும் சாப்பிடேல்லையே?” என்று கேட்டுச் சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முதல் அந்த வயலில் நான் மறந்தது ஒரு சொல் இல்லை. எனக்கு வாயே வரவில்லை.

அறுவடை முடிந்த வயல், நல்ல விசாலம், புழுதியும் இல்லை என்று அன்று பாட்டுக் கச்சேரி வைத்த பெடியன்கள் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். வீதிக்கரையில் கயிறு கட்டி மாணவர்கள் வரைந்த படங்களைக் கொழுவியிருந்தார்கள். வயலுக்கு நடுவில் வரம்பு இருக்கிறதே, சனம் நெருக்கினால் அது காலைத் தடக்குமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. இந்தியாவிலிருந்து பாடகர் வருகிறார் என்றதும் சங்கானையிலிருந்தும் சுழிபுரத்திலிருந்தும் சனம் வந்துகொண்டே இருந்தது. பொழுது படுவதற்கு முதலே வயல் நிறைந்துவிட்டது.

பாடகர் வந்துவிட்டார் என்று யாரோ பின்னுக்கு நின்று கத்தினான். அவர் வரவே இல்லை. ஆனால் சனம் ஒரே தள்ளாகத் தள்ளியது. வரம்பில் தடக்கி விழுந்தவர்களுக்கு மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். முன்னுக்கு இரும்புத் தடுப்பு. அந்தத் தடுப்போடு நசிந்துகொண்டு நின்றதெல்லாம் சின்னப் பெட்டைகள். அதற்குள்தான் பத்து வயதில் என் மகளும் நின்றாள். பச்சைச் சட்டை. ஒருமுறை கண்டேன். பிறகு காணவில்லை.

மைக் என் கையில்தான் இருந்தது. “தயவுசெய்து” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கீழே பெடியன்கள் “பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, என்னவோ நடக்கிறது என்று பின்னால் நின்றவர்கள் இன்னும் முன்னுக்கு வந்தார்கள். ஐயோ அண்ணை, அந்தப் பிள்ளைகளின் வாய் திறந்திருந்தது, சத்தம் கேட்கவில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

நீங்கள் என் கையிலிருந்து மைக்கை எடுத்தீர்கள். வாத்தியக்காரரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கை காட்டினீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரமே இல்லாத குரலில் சொன்னீர்கள்:

“அன்பார்ந்த உறவுகளே, எம்மை விட்டுப் பிரிந்த அனைவருக்குமாக இப்பொழுது மௌன வணக்கம் செலுத்துவோம். நின்ற இடத்தில் நில்லுங்கள். அசையாதீர்கள்.”

உங்களுக்குப் புத்தி தடுமாறி விசராகிவிட்டது என்றே எனக்குப் பட்டது.

ஆனால் சனம் நின்றது. விளையாட்டுப் போட்டியோ வாசிகசாலைத் திறப்போ, எங்கள் ஊரில் எது தொடங்கினாலும் அதில்தானே தொடங்குகிறோம். இத்தனை வருசச் சண்டைக்குப் பிறகு நினைக்க ஓர் ஆள் இல்லாத வீடு இங்கே எது? விசிலடித்தவன் வாயை மூடினான். தோளில் ஏறியிருந்தவன் இறங்கினான். கச்சான் கடலைக்காரர் சுருட்டின கடதாசியோடு அப்படியே நின்றார். கைகள் கீழே போயின, தலைகள் குனிந்தன. அறிவிப்பாளர் ‘நன்றி’ என்று சொல்லும் மட்டும் இங்கே ஒருவரும் அசையமாட்டார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அமைதிக்குள் பெடியன்கள் தடுப்பைக் கழற்றிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக மேடைக்குத் தூக்கினார்கள். விழுந்து கிடந்தவர்களை எழுப்பினார்கள். மௌனத்துக்கு வழக்கமான நேரம் கடந்துவிட்டது. அங்கங்கே தலைகள் நிமிர்ந்தன, யாரோ இருமினார்கள். பொறுமை கெட்டால் திரும்பவும் தள்ளுவார்களே என்று நான் உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் மைக்கை அப்பால் பிடித்துக்கொண்டு, “பொறும்” என்று உதட்டால் மட்டும் சொன்னீர்கள்.

கடைசியில் ஒரு பச்சைச் சட்டை மேலே வந்தது. ஒரு காலில்தான் செருப்பு. வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“நன்றி” என்றீர்கள்.

பிறகு பின்வரிசைக்காரரை வீதிப் பக்கம் நகரச் சொன்னீர்கள். கோயிலில் நிற்பதுபோல மெல்ல நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் மேடையடிக்கு வந்து சண்டை பிடித்தார். “பாட்டுக் கச்சேரிக்கு நடுவிலை உது என்ன கூத்து? இஞ்சை ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை ஐயா. அதுக்குத்தான்” என்றீர்கள்.

மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தீர்கள். “என்ரை குரல் நடுங்கினதே பிள்ளை?” என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டீர்கள்.

“இல்லை அண்ணை. ஏன் உவ்வளவு நேரம் நன்றி சொல்லாமல் நிண்டனீங்கள்?”

“உம்மடை பிள்ளையைக் காணேல்லை. காணாமல் எப்பிடிச் சொல்லுறது?”

தண்ணீர் குடித்தீர்கள். “முருகா, இனி ஒருக்கா உது என்னாலை ஏலாது” என்றீர்கள். அதற்குப் பிறகு வெளி மேடை என்றால் நான் வந்ததே இல்லை. நீங்களும் ஒருநாளும் கூப்பிடவில்லை.

இப்போது நீங்கள் இல்லை. போன ஐப்பசியில் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் விழுந்தவர்தான். பக்கத்தில் நின்று என் வரியை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மகள் என்ன சொன்னாலும் நம்ப மனம் வருகுதில்லை. “வரம்பெல்லாம் வெட்டி மட்டமாக்கியாச்சு அம்மா. வெளியிலை போக நாலு பக்கமும் வழி விட்டாச்சு” என்கிறாள். அதற்குப் பிறகும் எத்தனை தரம் போன் எடுத்துக் கேட்டேனோ, கடைசியில் சினந்துவிட்டாள்.

மத்தியானம் அவளே எடுத்தாள். “அம்மா, தொடக்கத்திலை மாமாவுக்கு மௌன அஞ்சலி வைப்பம். எல்லாரும் ஓம் எண்டிட்டினம். நீங்கள்தான் சொல்லவேணும்.”

“வேண்டாம்” என்றேன்.

“என்னம்மா உப்பிடிக் கதைக்கிறியள்? அவர் இல்லாட்டி நான் இருப்பனே?” அழுதேவிட்டாள். அந்த நெரிசல் இன்னொரு முறையும் வரலாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

உங்களிடம் சொல்லலாம். ஒரு மாலைக்கு ஒருமுறைதான் சனம் மௌன அஞ்சலிக்கு நிற்கும். தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட்டால், தேவைப்படும் நேரத்தில் என் பேச்சை யார் மதிப்பார்கள்? எனக்கு உங்கள் சாதுரியம் இல்லை அண்ணை, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் உங்களுக்கு உரிய அஞ்சலியை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு மேடை ஏறப் போகிறேன்.

கோவிக்காதேங்கோ. எல்லாம் ஒழுங்காக நடந்து, சனம் படம் பார்த்து, பாட்டுக் கேட்டு, சிரித்துக் கதைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால், இன்றைக்கு உங்களுக்கு அஞ்சலி இல்லை. அது உங்களுக்குக் கிடைக்கவே கூடாது என்றுதான் விடிந்ததிலிருந்து நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.